வெள்ளை வேனில் எழுநூறு குதிரை

எங்கள் கம்பெனி செய்வதெல்லாம் குடும்ப வண்டிகள். பிள்ளைகள் வாந்தி எடுத்தால் துடைக்க வசதியான சீட், மளிகைப் பை வைக்க இடம், அவ்வளவுதான் எங்கள் கெட்டிக்காரத்தனம். அப்படிப்பட்ட கம்பெனிக்குத் திடீரென்று சூப்பர் கார் ஆசை வந்தது. எழுநூறு குதிரை சக்தியில் புது இன்ஜினும் தயாரானது. காரின் உடம்புதான் இன்னும் களிமண் பொம்மையாக இருந்தது. அதுவரை இன்ஜினைச் சும்மா வைத்திருக்க முடியுமா? பழைய வெள்ளை வேன் ஒன்றின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே உட்கார வைத்தார்கள். சத்தம் அமுங்க இரண்டு சைலன்சர். பார்த்தால் லாண்டரி வண்டி.

அதை ஓட்டும் வேலை ஆமைக்குக் கிடைத்தது. இருபத்தாறு வருடமாக எங்கள் சோதனை ஓட்டுநர். நெரிசலில் ஊர்ந்தால் இன்ஜின் எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பதே பிழைப்பு என்பதால் அந்தப் பெயர். கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். திரும்பிப் பார்க்கத்தான் கொஞ்சம் நேரமாகும்.

பொதுச் சாலையில் எங்கள் சோதனை வண்டி எதுவும் அறுபதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே இருக்கும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டியவர் தன் கையாலேயே நோட்டில் காரணம் எழுத வேண்டும். அந்த நோட்டைச் சரிபார்ப்பவள் நான். ஆம்புலன்சுக்கு வழிவிட்டேன், லாரி முட்ட வந்தது என்று மற்றவர்கள் எனக்குக் காது குத்துவார்கள். ஆமையின் பக்கங்களில் காரணக் கட்டம் எப்போதும் காலி.

"மாசக் கடைசி வரைக்கும் இப்படியே இருந்தா, சூப்பர் காரோட முதல் ஓட்டம் உங்களுக்குத்தான்" என்று தலைமைப் பொறியாளர் சொல்லியிருந்தார். அன்று ஆமை சர்க்கரை போடாத டீயை ருசித்துக் குடித்தார். அவ்வளவு சந்தோஷம்.

பதினோரு நாள் பாக்கி இருக்கையில் சனியன் சிவப்பு நிறத்தில் வந்தது. மனைவியின் தம்பி, ஆமையின் மச்சினன். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்தாலே, "மாமா இருக்கறது கார் கம்பெனில, ஆனா சைக்கிள்காரன்கூட ஓவர்டேக் பண்ணிட்டுப் போறான்" என்று ஆரம்பித்துவிடுவான். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். இன்ஜினைப் பற்றி மூச்சு விட்டால் வேலை போய்விடும். ஆமை வாயே திறக்க மாட்டார்.

அன்று சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றான். கண்ணாடியை இறக்கினான்.

"என்ன மாமா, இறங்கித் தள்ளி விடட்டுமா?"

அவனுக்குப் பக்கத்து சீட்டில் மாமியார்.

பச்சை விழுந்தது. சாலை காலி. வேன் அறுபதுக்கு மேலே இருந்தது ஆறே நொடிதான். ஆனால் நூற்று முப்பதைத் தொட்டிருந்தது; சிவப்புக் கார் பின்னால் புள்ளியாகிவிட்டது. அதற்குள் கம்பெனித் திருப்பம் வந்துவிட்டதால் சமர்த்தாக உள்ளே நுழைந்துவிட்டார்.

சாயங்காலம் நோட்டைத் திறந்தேன். காரணம்: 'மச்சினன்'.

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, லாரி முட்ட வந்துச்சுன்னு எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?"

"இருபத்தாறு வருஷத்துல இப்பதாம்மா அந்தக் கட்டத்துல எழுதறேன். அதையும் பொய்யா எழுதச் சொல்றியா?"

தலைமைப் பொறியாளரும் படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்த கையோடு முதல் ஓட்டத்தை வேறொருவருக்குக் கொடுத்தார். கார் தயாரான அன்று அது தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு போனதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்கிடையே மச்சினன் சிவப்புக் காரை விற்றுவிட்டு, அதே மாடலில் ஒரு வெள்ளை வேன் வாங்கியிருக்கிறான். ஒரு வாரம் கழித்து வாடிய முகத்தோடு ஆமையின் வீட்டுக்கு வந்தானாம்.

"என்ன மிதிச்சாலும் பாலம் ஏறவே மூச்சு வாங்குது மாமா. உங்க வண்டி இன்ஜின்ல ஏதாவது பண்ணியிருக்கீங்களா?"

ஆமை என்ன சொல்வார்? ரகசியமாயிற்றே. டீயை ஆற்றிக் குடித்தார். மச்சினன் குனிந்து அவர் பாதங்களைப் பார்த்தான்.

"அப்ப வண்டில ஒண்ணும் இல்ல. எல்லாம் உங்க கால்லதான் இருக்கு. இத்தனை வருஷம் தெரியாம பேசிட்டேன். எனக்கும் கத்துக்குடுங்க மாமா."

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வகுப்பு நடக்கிறது. முதல் மூன்று மாதம் முப்பதைத் தாண்டக் கூடாதாம்.