ராணி கட்டிய கூரைப்புடவை

பழைய பிரெஞ்சு சோக நாடகங்களில் ராஜாக்கள் உருகி உருகிக் காதலிப்பார்கள். சிம்மாசனம் குறுக்கே வந்ததும் காதலியைக் கைகழுவிவிட்டு அழுவார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த எங்கள் பேராசிரியர், கல்லூரி விழாவுக்கு அந்தப் பாணியில் ஒன்று எழுதியிருந்தார். கைவிடப்பட்ட ராணி கடைசியில் ராஜாவை மன்னித்துவிட்டுப் போகவேண்டும். பேராசிரியருக்கு அந்த ராஜா தியாகி. எனக்கு அவனை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் உண்டு. ராஜாவாக நடித்தவன் பட்டுக்கடை முதலாளியின் மகன். ராணி நான், என் அப்பா அந்தக் கடைக்குத்தான் நெய்துகொண்டிருந்தார். இரண்டு வருஷம் என்னைக் காதலித்தவன், வீட்டில் பார்த்த பெண்ணுக்குத் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்து அழுதான்.

"எங்கப்பா பேச்ச மீறினா கடை என் கைக்கு வராதும்மா. நீயே புரிஞ்சிக்கோ."

ராஜா வசனத்தைக் கொஞ்சம் மலிவாகச் சொன்னான், அவ்வளவுதான். மறுநாள் ஒத்திகைக்குச் சரியாக வந்துவிட்டான்.

பட்டு நெய்யும் எங்கள் ஊரில் நாடகத்துக்கு யாரும் பட்டுப்புடவையை வாடகைக்கு எடுப்பதில்லை. அவனே வீட்டு பீரோவிலிருந்து கைக்கு வந்ததை அள்ளி வந்தான். பிறந்ததிலிருந்து பட்டில் புரண்டவன். எதையும் விரித்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஓர் அரக்குப் புடவையின் நான்கு முனையிலும் மஞ்சள் தடவியிருந்தது. காமாட்சி சன்னதியில் வைத்து எடுத்த, அவன் கல்யாணத்தில் மணப்பெண் கட்டவேண்டிய கூரைப்புடவை. வேறொருத்தி உடுத்திவிட்டால் மணப்பெண் அதைத் தொடமாட்டாள்.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். நல்ல பெண் என்று பெயர் கிடைத்திருக்கும். என் வயிற்றெரிச்சல் எங்கே போகும்? அப்பாவுக்கு நெய்யப் பாவு நூல் தருவதை நிறுத்திவிடுவார்களே என்று பயமாகத்தான் இருந்தது. இருந்தும் கட்டினேன், மஞ்சள் முனை முன்னால் தெரியும்படி.

மேடையில் என்னைக் கண்டதும் ராஜாவுக்கு வசனம் மறந்துபோயிற்று. முன்வரிசையில் அவன் அம்மா எழுந்து நின்றுவிட்டார். நான் மன்னிக்கவேண்டிய இடம் வந்தது. மன்னிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனேன்.

மேடைக்குப் பின்னால் அவன் அம்மா வந்து கை நீட்டினார். மாற்றிக்கொண்டு, மடித்துக் கொடுத்தேன்.

"இத இனிமே எவ கட்டிக்கினு மணையில உக்காருவா?" என்றார்.

"பொண்ணையே மாத்திட்டாரு உங்க புள்ள. பொடவைய மாத்தறதா கஷ்டம்?"

கல்யாணம் வேறு புடவையில் நடந்தது. பாவு நின்றது. அப்பா வேறு கடை தேடிப் போனார். வெகுநாள் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வலித்தது. அரக்குப் புடவை அவர்கள் பீரோவிலேயே கிடந்ததாம். அவன் எடுத்த கூரையைக் கட்டியவள் நான் ஒருத்திதான்.