சாவியோடு பயிற்சிக்குப் போன நாள்

பள்ளிக்கூட நர்ஸுகளுக்கு இப்போது நானே பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். திரையில் படம் ஓடும், எல்லோரும் அதை செல்போனில் பிடித்துக்கொள்வார்கள். எனக்கோ பேசிக்கொண்டிருக்கும்போதே மனசு பெங்களூரு ஈஜிபுராவுக்கு ஓடிவிடும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே என் அறை. ஒரு கட்டில், ஒரு இரும்பு அலமாரி, எந்நேரமும் ஸ்பிரிட் வாசனை. கணக்குப் பரீட்சை அன்றைக்கு மட்டும் "வயித்து வலி சிஸ்டர்" என்று வருகிற கூட்டம். அந்த அறைக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன், மறைப்பானேன்.

அப்போது எனக்கு வாய் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. ஆஸ்பத்திரி வேலையை விட்டு வந்தவள் அல்லவா, பள்ளிக்கூடத்தையும் வார்டு மாதிரி நடத்தப் பார்த்தேன். ஒரு பையன் இன்னொருத்தன் பையிலிருந்த மாத்திரையை எடுத்து விழுங்கிவைக்க, அன்றைக்கே சட்டம் போட்டேன். மருந்து என்று பெயருள்ள எதுவும் வகுப்பில் இருக்கக் கூடாது, எல்லாம் என் அலமாரியில். சாவி என் இடுப்பில்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி. அவள் அம்மாவுக்கு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. குளுக்கோஸ் பொடியை என்னிடம் கொடுக்கும்போது தயங்கினார்.

"இது மட்டும் அவ பையிலயே இருக்கட்டுமே சிஸ்டர்? சர்க்கரை திடீர்னு இறங்கிடுது."

"ரூல்ஸுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா," என்றேன், பெரிய கலெக்டர் மாதிரி.

அதோடு விட்டேனா? பிறந்தநாள் பிள்ளைகள் கலர் டிரஸ்ஸில் வந்து வகுப்புக்கே மிட்டாய் கொடுப்பார்கள் இல்லையா, அதை இவளுக்குக் கொடுக்கவே கூடாது என்று டீச்சர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். மிட்டாய் டப்பா இவளைத் தாண்டிப் போகும். இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

என்னைக் கேள்வி கேட்டது ஆயாம்மா ஒருத்தர்தான். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து எங்கள் வராந்தாவைப் பெருக்கித் துடைக்கிறவர்.

"ஏன் சிஸ்டர், கையில வாங்கினா உடம்புல ஏறிடுமா? வாங்கட்டும், என்கிட்ட குடுத்துடுவா. அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்க முடியல."

எரிந்து விழுந்தேன். அப்புறம் போனால் போகிறது என்று விட்டேன். அன்றிலிருந்து அவள் வாங்குகிற மிட்டாயெல்லாம் ஆயாம்மாவின் காலி ஊறுகாய் பாட்டிலுக்குள் போய்ச் சேரும். எல்.கே.ஜி.யில் அழுகிறவர்களுக்கு அதிலிருந்துதான் லஞ்சம்.

ஒருநாள் ஆனேக்கல் பக்கம் நர்ஸுகளுக்குப் பயிற்சி. நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் எப்படிக் கவனிப்பது என்பதுதான் விஷயம். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். சர்க்கரை இறங்கினால்? "உடனே குளுக்கோஸ், கால் மணி நேரத்துல மறுபடி டெஸ்ட்." கைதட்டல் வேறு.

பயிற்சி நடத்தியவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "சரி, இப்ப உங்க ஸ்கூல்ல அந்த குளுக்கோஸ் எங்க இருக்கு?"

என் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது.

வெளியே ஓடி, செல்போனை எடுத்துப் பார்த்தால் பள்ளியிலிருந்து ஏழு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன். ஆபீஸ் கிளார்க் மூச்சு வாங்கச் சொன்னார். விளையாட்டு வகுப்பு முடிந்து வந்தவள் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, உளற ஆரம்பித்திருக்கிறாள். அலமாரியோ பூட்டு. யாரோ சர்க்கரை எடுக்க ஓட, டீச்சர் தடுத்திருக்கிறார். "ஐயோ, சுகர் பேஷண்ட்! இனிப்பே கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க." சொன்னவள் நான்தானே, அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

ஆயாம்மாதான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். "இவ நடுங்கறப்ப சிஸ்டர் இனிப்புத்தான் கரைச்சுக் குடுப்பாங்க, என் கண்ணால பாத்திருக்கேன். நகருங்க!" பாட்டிலைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகக் காகிதம் பிரித்து, "மெல்லு கண்ணு, மெல்லு" என்று ஊட்டியிருக்கிறார். நல்லவேளை, மென்று விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது.

திரும்பி வரும்போது பஸ் நெரிசலில் நின்ற நேரமெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். அறைக்குள் நுழைந்தால் அவள் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஆயாம்மா. டெஸ்ட் எடுத்தேன், சர்க்கரை சரியாகியிருந்தது. அப்பாடா என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஸாரி சிஸ்டர். நாலு மிட்டாய் தின்னுட்டேன். ஆயாம்மாவ திட்டாதீங்க."

பயிற்சி முடித்து வந்த மகராசி நான், அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது. அழுதுகொண்டே அலமாரியைத் திறந்து, குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்து அவள் பையில் வைத்தேன்.

"ரூல்ஸ் இருக்கே சிஸ்டர்?" என்றாள்.

"இருந்துச்சு," என்றேன்.