நல்ல நேரமும் கிட்டங்கியும்

சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கிற ஒரு கம்பெனியில் நான் தமிழ் டைப் செய்கிறவனாக இருந்தேன். திதி, நட்சத்திரம், ராகு காலம், நல்ல நேரம் என்று வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் தமிழ் எழுத்து எனக்குத் தப்பாது. இங்கிலீஷ்தான் வராது. திரையில் இங்கிலீஷில் ஏதாவது வந்தால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யாராவது வரும்வரை உட்கார்ந்திருப்பேன். கூப்பிடவும் கூச்சம்.

ஆடி பதினெட்டு அன்று அடுத்த வருஷக் காலண்டருக்கான மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். அதைப் பார்த்துத்தான் வெளியூர் வியாபாரிகள் ஆர்டர் கொடுப்பார்கள். அதனால் வைகாசியிலேயே எங்கள் அறையில் வேலை சூடு பிடித்துவிடும்.

அறையில் நான்கு பேர். நான், விஸ்வநத்தத்திலிருந்து சைக்கிளில் வருகிற, என்னைவிட மூத்த ஒருவர், தாள்களைப் பக்கமாக வடிவமைக்கிற சாத்தூர்க்கார அம்மா, விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற, கம்ப்யூட்டர் படித்த பெண். அந்தப் பெண் அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தாள். அதுவரை ஆளுக்கொரு மிஷினில் ஆளுக்கொரு திருத்தம் செய்துகொண்டிருந்தோம். எது கடைசித் திருத்தம் என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். எல்லாத் தாள்களும் ஒரே இடத்தில் இருக்கும். யார் எதைத் திருத்தினாலும் அந்தத் திருத்தம் தனியாக நிற்கும். பழையது வேண்டுமென்றால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னாள்.

“சுருக்கமாச் சொல்லு தாயி. சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கிதான?” என்றார் விஸ்வநத்தத்துக்காரர்.

“ஆமாண்ணே, கிட்டங்கிதான்.”

அன்றிலிருந்து அது கிட்டங்கி. அவளுடைய மிஷினில் இருந்த ஒரு பெட்டி அது. மற்ற மிஷின்களிலிருந்தும் கம்பி வழியாக எட்டி அதில் எழுதலாம்.

வேலை தொடங்குகிற அன்று பூஜை போட்டார்கள். அதற்கு முந்தின நாட்களிலேயே நாங்கள் டைப் செய்து தயாராக வைத்திருந்தோம். புது வருஷத்தின் முதல் தாள்களை நல்ல நேரத்தில்தான் கிட்டங்கியில் வைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். யாரும் மறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் நல்ல நேரம் அச்சடித்துக் கொடுக்கிறவர்கள் அதைத் தவறவிட முடியுமா? சூடம் காட்டி முடிந்ததும் அவரவர் மிஷினில் போய் உட்கார்ந்தோம். முதலாளி கடிகாரத்தைப் பார்த்து, “ம், போடுங்க” என்றார். நான்கு பேரும் ஒன்றாக அழுத்தினோம்.

நான்கு திரையிலும் இங்கிலீஷ் வந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் ஓடி ஓடி ஒவ்வொரு மிஷினாகப் பார்த்தாள். கடைசியில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, முதலாளியிடம், “கிட்டங்கி ஒடஞ்சுபோச்சு அண்ணாச்சி. உள்ள எல்லாம் கலந்துபோச்சு” என்றாள்.

“நல்ல நேரம் நல்லாத்தான் வேல செஞ்சிருக்கு” என்று விஸ்வநத்தத்துக்காரர் என் காதருகில் சொன்னார்.

முதலாளிக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. சூடம் அணைவதற்குள் உடைந்திருக்கிறது. “பாரு தாயி, ஒன்னைய நம்பித்தான் இம்புட்டையும் ஒரே எடத்துல போட்டோம். இன்னொரு தடவ ஒடஞ்சா நாங்க பழையபடியே பாத்துக்கிடுதோம். நீ விருதுநகர்லருந்து அலைய வேண்டாம்.” சத்தம் போடாமல்தான் சொன்னார்.

இந்த வேலை போனால் இன்னொரு வேலைக்கு வீட்டில் விடமாட்டார்கள், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவள் சாத்தூர்க்கார அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தாள். அன்று அந்த அம்மா அவளுக்காக டீ வாங்கி வரச் சொன்னார். அது ஆடை படிந்து அப்படியே இருந்தது.

உண்மையில் எதுவும் போகவில்லை. போன வருஷத் தாள்கள் இருந்த கிட்டங்கியை முந்தின நாள் மாலை அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்திருந்தாள். காலையில் போட்ட தாள்கள் அவரவர் மிஷினில் இருந்தன. மதியத்துக்குள் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. ஆனால் ஏன் உடைந்தது என்று தெரியாமல் அவளால் வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒரு பஸ்ஸைப் போகவிட்டாள். தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குச் சொன்னாள். “ஒருத்தர் எழுதும்போது ‘ஆள் இருக்கு, நில்லு’ன்னு அது ஒரு அடையாளம் வைக்கும்ணே. பக்கத்துல இருந்து பாத்தா அது தெரியும். கம்பி வழியா தூரத்துல இருந்து எட்டிப் பாத்தா சரியாத் தெரியல. நாலு மிஷினும் ஆளில்லன்னு நெனச்சு ஒரே எடத்துல எழுதிருச்சு.”

“தாயில்பட்டி பட்டாசு ஆலையில மருந்து ரூமுக்குள்ள ஒரு ஆள் இருந்தா இன்னொரு ஆள் நொழைய மாட்டான். நாம நாலு பேரும்ல ஒண்ணா நொழைஞ்சிருக்கோம்” என்றார் விஸ்வநத்தத்துக்காரர்.

“அதான்ணே. இனிமே யாருமே நொழைய வேண்டாம். வாசல்ல குடுத்தாப் போதும்.”

அவளுடைய மிஷினில் ஒரு காவல்காரனை வைப்பதுபோல ஒரு புரோகிராம் வைத்தாள். கிட்டங்கியில் எழுதுவது அது மட்டும்தான். நாங்கள் அதனிடம் தாளைக் கொடுத்தால் ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைக்கும். எத்தனை பேர் ஒன்றாக நீட்டினாலும் ஒருவர் முடிந்த பிறகுதான் அடுத்தவர். நாங்கள் நேராக எட்டுகிற வழியையும் அடைத்துவிட்டாள்.

விஸ்வநத்தத்துக்காரருக்கு அதில் வருத்தம். “நம்ம கிட்டங்கிக்கு நமக்கே பூட்டா?”

“நேரா நொழைஞ்சா மறுபடியும் ஒடையும்ணே. அப்புறம் நான் இங்கன இருக்க மாட்டேன்.” அதற்குப் பிறகு அவரும் வாசலிலேயே கொடுக்கப் பழகிக்கொண்டார்.

சாப்பாட்டு இடைவேளைகளில் எங்களை உட்காரவைத்துச் சோதித்தாள். அவள் கையைத் தட்டுவாள், நாங்கள் ஒன்றாக அழுத்துவோம். வேண்டுமென்றே ஒரே தாளை இரண்டு பேர் போடும்படியும் செய்தாள். முதலில் வந்தவருடையதை வாங்கிக்கொண்டு, இரண்டாமவரிடம் ஒரு வரி இங்கிலீஷ் காட்டியது. “இது நல்லதுதாண்ணே. வேற ஒருத்தர் திருத்திட்டாரு, அதப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லுது.” அந்த வரியை எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எத்தனையோ தடவை பார்த்ததில் அதன் வடிவம் மனதில் நின்றுவிட்டது.

கூட்டத்தில் பின்னால் நின்று பழகியவன் நான். ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் எனக்கு முன்னால் நுழைகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். யார் முந்தினாலும் அவரவர் முறை கெடாத ஒரு வாசல் இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. அந்தப் புரோகிராம் மேல் ஒரு பிரியம்கூட வந்துவிட்டது.

முதலாளிக்கு மனசு ஆறவில்லை. அபசகுனம் கழிய மறுபடியும் பூஜை என்றார். “அன்னைக்கு எப்பிடியோ அதே மாதிரி, எல்லாரும் ஒண்ணாத்தான் போடணும்.” அந்தப் பெண் சரி என்று தலையாட்டினாள். அன்று காலை வந்ததும் முதலில் கிட்டங்கியை நகல் எடுத்து வைத்தாள்.

“ம், போடுங்க.”

அழுத்தினோம். என் தாள் போய்விட்டது. சாத்தூர்க்கார அம்மா, “எனக்குப் போயிருச்சு” என்றார். விஸ்வநத்தத்துக்காரரின் திரையில் இங்கிலீஷ் வந்தது.

முதலாளி அதைப் பார்த்துவிட்டார். “என்னம்மா, மறுபடியுமா?”

அவள் எழுந்தாள். விஸ்வநத்தத்துக்காரரின் மிஷின் பக்கம் ஓடினாள். முதலாளி அவளைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பினார். எனக்கு அந்த வரியின் வடிவம் தெரிந்தது.

“ஒடையல அண்ணாச்சி,” என்றேன். “விசேஷ நாள் பட்டியல் இருக்கிற தாள நான் மொதல்ல போட்டுட்டேன். அவரும் அதே தாளத்தான் போட்டிருக்காரு. அதான் நிப்பாட்டுது.”

“ஏலே, இவன் பேசுதான்!” என்றார் விஸ்வநத்தத்துக்காரர்.

அந்தப் பெண் அந்த வரியை வாசித்துவிட்டு, “ஆமா அண்ணாச்சி” என்றாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினாள். ஒரு நாள் தள்ளி விழுந்திருந்த கிருத்திகையை நான் சரிசெய்திருந்தேன். அவர் என்னிடம் சொல்லாமல் அதே தாளில் எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கல் விழாவைச் சேர்த்திருந்தார். “பழைய மாதிரின்னா விஸ்வநத்தத்து அண்ணன் தாளு இவரு தாள மூடிரும் அண்ணாச்சி. கிருத்திகை தப்பாவே அச்சாயிரும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

முதலாளி குனிந்து வெகுநேரம் பார்த்தார். தப்பான கிருத்திகை ஒரு வருஷம் எத்தனை கடைச் சுவரில் தொங்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

“சரி, இப்ப என்ன செய்யணும்?”

“விஸ்வநத்தத்து அண்ணன் இவரு தாள எடுத்து, அதுல பொங்கலச் சேத்து மறுபடியும் போடணும்.”

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். “நல்ல நேரம் இன்னும் கெடக்கு. மெதுவாவே போடுங்க.”

விஸ்வநத்தத்துக்காரர் ஒற்றை விரலால் பொங்கலைத் தட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். முதலாளி வாசல்வரை போய்விட்டு நின்றார். “தாயி, ஆடி முடிஞ்சதும் டைரி வேலை வரும். அதையும் இந்தக் கிட்டங்கியிலயே போட்டுருவோம். சாவியை நீயே வச்சுக்கோ.”

அவள் தலையாட்டினாள். விஸ்வநத்தத்துக்காரரின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அழுத்தினார். தாள் உள்ளே போனது.