முன்சுவர் வைத்த பொம்மை வீடு

லாரிக்கு பாடி கட்டுகிறவரிடம் போய் யாராவது பொம்மை வீடு கேட்பார்களா? அர்த்தநாரியிடமும் யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் போய்த் தலையைக் கொடுத்தார்.

பேத்தி தனப்பிரியாவுக்கு ஐந்து வயது. சங்ககிரியில் அம்மா சௌந்தர்யாவோடும் அப்பா யோகேஷோடும் இருக்கிறாள். போனில் எதையோ பார்த்துவிட்டு, தன் பொம்மை மீனுவுக்கு வீடு வேண்டுமென்று இரண்டு நாளாக ஒரே அழிச்சாட்டியம். ஆன்லைனில் வாங்கிவிடலாம் என்றார் மாப்பிள்ளை. மகள் இதைப் போனில் சொன்னதுதான் தாமதம்.

"அதெல்லாம் வாங்காதீங்க சாமி. நாங் கட்டித் தாரேன்" என்றார் அர்த்தநாரி.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. யோகேஷ் வேலை பார்க்கும் டிரான்ஸ்போர்ட் கம்பெனி அவரை நாக்பூர் கிளைக்கு மாற்றிவிட்டது. வைகாசி பிறந்தால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். போனால் வருசத்துக்கு ஒரு தடவை பார்ப்பதே பெரிய காரியம். அதற்குள் பேத்தி ஒரே ஒரு தடவையாவது தன்னிடம் வர வேண்டும். அறுபத்திரண்டு வயதில் அந்த மனுசனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஏன், பேத்தி தாத்தாவிடம் வருவதற்கென்ன? வரமாட்டாள். பத்து வருசத்துக்கு முன்னால் பட்டறையில் மரமறுக்கும் மிஷின் அவருடைய வலது கையில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும், உள்ளங்கை ஓரத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் மூன்று விரல். தனப்பிரியாவுக்கு விவரம் தெரிந்த வயதில் ஒருநாள் அந்தக் கையைப் பார்த்து வீறிட்டு அலறினாள். அழுகை அடங்க அன்று வெகுநேரமாயிற்று. அதற்கப்புறம் அவர் வந்தாலே அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். அவரும் சங்ககிரிக்குப் போனால் வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மகள் எவ்வளவு கூப்பிட்டாலும் சாப்பிட உட்கார மாட்டார். துண்டைச் சுற்றிக்கொண்டு சோறு பிசைய முடியாதல்லவா? இடது கையால் ஒரு டீயைக் குடித்துவிட்டு நாமக்கல் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். மனைவியும் இல்லாத மனுசன், மகள் கைச்சாப்பாட்டைச் சாப்பிட்டே மூன்று வருசமாயிற்று.

சௌந்தர்யா மாதிரிக்கு ஒரு பொம்மை வீட்டுப் படம் அனுப்பினாள். அர்த்தநாரி அதைப் பட்டறையில் பெயிண்டர் தமிழரசிடம் காட்டினார். இருவரும் வெகுநேரம் பார்த்தார்கள். மூன்று பக்கம் சுவர் இருந்தது, கூரை இருந்தது. முன்பக்கம் மட்டும் ஒன்றுமில்லை. கட்டில், அடுப்பு, நாற்காலி எல்லாம் வெட்டவெளியில் தெரிந்தன.

"ஏனுங்கண்ணா, பாதில உட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்றார் தமிழரசு.

"பலகை பத்திருக்காது. பாவம்" என்றார் அர்த்தநாரி.

நாற்பது வருசம் பாடி கட்டிய மனுசன். ஏற்றின சரக்கு வழியில் சிந்தக்கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த முதல் பாடமும் கடைசிப் பாடமும். அவரால் எப்படி ஒரு பக்கத்தைத் திறந்து போட முடியும்? முன்சுவரையும் வைத்தார். லாரித் தளத்துக்குப் போடும் பிளாட்பாரப் பலகையில் மிஞ்சிய துண்டுகளை இழைத்து மூன்றடி நீளத்தில் மூன்று அறைகள். சின்னதாக ஒரு வாசல், இரு பக்கமும் ஒவ்வொரு சன்னல். கட்டிலை நடு அறையில் வைத்து, ஆடாமலிருக்கத் தரையோடு ஆணியடித்தார். கடைசியில் கூரையைப் போட்டு போல்ட் முடுக்கினார். உள்ளே போல்ட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டுமே, அதற்காகத் தன் மூன்று விரல் கை நுழைகிற அளவுக்குச் சன்னலை வெட்டியிருந்தார். நட்டு கழன்றுவிடாமல் போல்ட் முனைகளையெல்லாம் சுத்தியலால் தட்டி நசுக்கினார். பாடி கட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். தமிழரசு சுவருக்கு மஞ்சளும் கூரைக்குச் சிவப்பும் அடித்து, பின்பக்கம் இரண்டு தாமரைப்பூ வரைந்து கொடுத்தார். ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதாமல் விட்டாரே, அதுவே பெரிய விசயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இறக்குவதற்கு டிரைவரும் யோகேஷும் மூச்சுப் பிடிக்க வேண்டியதாயிற்று. தனப்பிரியா அம்மாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வீடு பிடித்துவிட்டது. மெல்ல வந்து, அர்த்தநாரி நின்ற பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போய், மீனுவை வாசல் வழியாக உள்ளே தள்ளினாள்.

மீனு போனவள் போனவள்தான். கையை விட்டுத் துழாவினாள், எட்டவில்லை. சன்னலில் விட்டாள், அங்கிருந்தும் எட்டவில்லை. அப்போதுதான் சௌந்தர்யாவுக்கு விசயம் புரிந்தது.

"ஏனுங்கப்பா, முன்னாடி தெறந்து இருக்கோணுமுங்க. பொறவு கொழந்தை எப்புடி வெளையாடும்?"

அர்த்தநாரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை நாள் வேலையும் இப்படியா ஆக வேண்டும்!

யோகேஷ் கையை விட்டுப் பார்த்தார், மணிக்கட்டுக்கு முன்பே மாட்டிக்கொண்டது. சௌந்தர்யா வளையல்களைக் கழற்றிவிட்டு முயன்றாள், கட்டைவிரல் மேட்டோடு நின்றுவிட்டது. எல்லாருமாக வீட்டையே சாய்த்து ஆட்டினார்கள். ஆணியடித்த கட்டிலுக்கு அடியில் சிக்கிய மீனு அசையவில்லை. ஸ்பேனர் போட்டுக் கழற்றலாமென்றால் போல்ட் எல்லாம் நசுக்கியாயிற்று.

"மீனு இருட்டுக்குள்ள இருக்குது" என்று தனப்பிரியா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

அந்தச் சன்னலில் எந்தக் கை நுழையும் என்று அங்கே ஒருவருக்குத் தெரியும். அவர் துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். கையை வெளியே எடுத்தால் மறுபடியும் அலறுவாள். அந்த அலறலோடுதான் நாக்பூருக்கு ரயிலேறுவாள். எடுக்காவிட்டால் அழுதுகொண்டே இருப்பாள். என்ன செய்வார் மனுசன்?

"சாமி, அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. அப்பச்சி எடுத்துத் தாரேன்" என்றார் தாத்தா.

அவள் திரும்பவில்லை. அவர் சன்னலோரம் குத்தவைத்து, துண்டை உருவிப் போட்டுவிட்டுச் சட்டென்று கையை உள்ளே விட்டார். மெலிந்த கை, முழங்கை வரைக்கும் தடையில்லாமல் போயிற்று. தனப்பிரியாவின் அழுகை நின்றுவிட்டது. ஓடிப்போய் வாசலில் கன்னத்தை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"இன்னும் உள்ள... கட்டலுக்கு அடீல... ஆ, அதுதான் அப்பச்சி!"

மூன்று விரலுக்கு நடுவில் மீனு வெளியே வந்தாள். தனப்பிரியா பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தாள். சௌந்தர்யா ஓரடி முன்னால் வந்தாள், அழுதால் தூக்கிக்கொள்ளலாமென்று.

"அப்பச்சி கை மட்டுந்தான் போகுது" என்றாள் தனப்பிரியா. பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மீனுவை மறுபடியும் வாசல் வழியாக உள்ளே தள்ளினாள். "எடுங்க அப்பச்சி!"

எடுத்தார். மறுபடியும் தள்ளினாள். எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள்? வீட்டைச் சுற்றித் தாத்தாவும் பேத்தியும் ஒரு மணி நேரம் தவழ்ந்தார்கள்.

"முன்சொவத்த அறுத்து ஒரு கதவு வெச்சுக் குடுத்துருங்கப்பா" என்றாள் சௌந்தர்யா.

"அறுக்கலாம் அறுக்கலாம். இப்ப என்ன அவசரம்?" என்றார் அர்த்தநாரி.

மத்தியானம் மகள் இலை போட்டாள். இந்தத் தடவை அவர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லவில்லை. உட்கார்ந்தார். குழம்பை ஊற்றிப் பிசைந்தார். பக்கத்தில் மீனுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தனப்பிரியா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"எனக்கொரு வாய் குடுங்கப்பச்சி" என்று அவள் வாயைத் திறந்தாள்.

அந்த மூன்று விரலாலேயே உருட்டி ஊட்டினார்.