போர்மேன் பார்வையிட்ட மாயக்காடு

ஸ்வீடனில், மால்மோ நகரத்தில், என் வீட்டுக்குப் பின்னாலுள்ள பூங்காவில் ஒரு கிழட்டு ஓக் மரம் நிற்கிறது. வேலைநாட்களில் காலை எட்டு மணிக்கு அதைச் சுற்றி வருவதுதான் என் உத்தியோகம். வீடியோ கேம் கம்பெனியில் மரம் செய்கிறவள் நான். நிஜ மரத்தை முந்நூறு கோணத்தில் படமெடுத்துக் கணினிக்குக் கொடுத்தால் அது திரையில் எழுந்து நிற்கும். அப்புறம் நாலு கை கூட்டி, ஒரு கண்ணை வைத்து, சூனியக்காரி குடியிருக்கும் மரமாக ஆக்கிவிடுவோம். உங்கள் பிள்ளைகள் விளையாட்டில் பார்த்து மிரளும் பேய்மரம், இங்கே ஏதோ ஒரு பூங்காவில் நாய் கால் தூக்குவதைப் பொறுத்துக்கொண்டு நிற்கிறது.

ஒருநாள் நாயோடு வந்த பெரியம்மா ஒருவர், மரத்துக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷில், "இல்லை, எங்கள் கம்பெனிக்கு இந்த மரம் வேண்டும்" என்றேன். மறுநாள் மரத்தில் ஒரு தாள் தொங்கியது. இந்த மரத்தை வெட்டாதீர்கள் என்று எழுதி, கீழே பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வெட்கத்தோடு பன்னிரண்டாவது கையெழுத்தை நானே போட்டுவிட்டு வந்தேன். அம்மா அதற்கும் மேல். வீடியோ காலில் நான் மரத்தைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, காலங்காத்தால மரத்தச் சுத்துற?" என்று கேட்டாள். கல்யாணமாகி நாலு வருஷமான மகள் மரத்தைச் சுற்றினால் எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேலைம்மா என்று எவ்வளவோ சொன்னேன். "எந்த மரமா இருந்தா என்ன? மனசாரச் சுத்து" என்றவள், அந்த வாரமே இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள்.

உண்மையில் எனக்கு வேறு வேண்டுதல் இருந்தது. ஆறு மாதச் சோதனைக் காலம் முடிவதற்குள் நான் ஒரு சாபக்காட்டைச் செய்து காட்ட வேண்டும். காடு தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் விசாவும் போய், கணவரையும் கூட்டிக்கொண்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். என் மேலதிகாரி லார்ஸ், இந்தியாவிலிருந்து வந்தவள் ஆலமரம் கொண்டுவருவாள் என்று எதிர்பார்த்தார். ஆலமரம் விளையாட்டுக் காடுகளில் விழுதைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு அலுத்துப்போன மரம். சொக்கோத்ரா தீவின் குடை மரமும் ஆப்பிரிக்காவின் வயிறு பெருத்த பவோபாப் மரமும் அப்படியே. நான் சீமைக்கருவேலத்தைச் சொன்னேன். பூதம் குடியிருக்க அதைவிடப் பொருத்தமான மரம் உலகத்திலேயே கிடையாது. எங்கிருந்தோ வந்து, ஊர் மரங்களைவிட நன்றாக வேர் பிடித்து, வெட்ட வெட்டத் தழைக்கிறது. புதிய ஊரில் வேர் பிடிக்கிற அந்தச் சாமர்த்தியத்தில் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

படமெடுக்கும் பொறுப்பை அப்பாவிடம் விட்டேன். அப்பா பட்டாசு ஆலையில் முப்பது வருஷம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "இந்த முள்ளு மரத்துக்கா அங்கன சம்பளம் தாராக?" என்று சிரித்தாலும், வெயிலில் நின்று இருநூறு படம் எடுத்து அனுப்பினார். பாதியில் அவருடைய கட்டைவிரலும் இருந்தது. மரம் அருமையாக வந்தது. முள்ளை முழ நீளமாக்கினேன், பட்டைக்குள் ஒரு முகத்தை ஒளித்துவைத்தேன். காட்டை நட்டு முடித்ததும், பெருமையாக அப்பாவிடம் திரையைக் காட்டினேன்.

அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. மரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைத்தான் பார்த்தார். "என்னம்மா இம்புட்டு நெருக்கமா இருக்கு? தள்ளி வையி. கீழ காஞ்ச புல்லு வேற கெடக்கு. இன்ஸ்பெக்சன் வந்தா என்ன சொல்லுவ?" அது கற்பனைக் காடுப்பா என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலைகளில் ஒவ்வொரு ஷெட்டும் தனித்தனியாகத்தான் நிற்கும். ஒரு ஷெட்டில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வாசலில் மணல் வாளியும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும். கோடை வந்தால் முதல் வேலை காய்ந்த புல்லைச் செதுக்குவது. அதையெல்லாம் பார்த்து வளர்ந்த கை, நாலு நாலு மரமாகப் பிரித்து நட்டது, புல்லை எடுத்தது, அங்கங்கே மணல்மேடு போட்டது, குளம் வெட்டியது. அழகாக இருப்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை நாளில் மொத்தக் கம்பெனியும் கூடியது. கதைப்படி ட்ராகன் வந்து ஊதினால் காடு முழுக்கப் பற்றிக்கொள்ள வேண்டும், நாயகன் நடுவில் சிக்க வேண்டும். எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இருந்தால்தான் நெருப்புப் பரவும் என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ட்ராகன் ஊதியது. ஒரு மரம் எரிந்தது, பக்கத்து மரம் சும்மா நின்றது, எரிந்த மரமும் அணைந்துபோனது. ட்ராகன் மறுபடி ஊதியது. நாயகன் மணல்மேட்டில் சாவகாசமாக நின்று வேடிக்கை பார்த்தான். லார்ஸ் என்னைப் பார்த்து, "இந்தக் காட்டை யார் வடிவமைத்தது, தீயணைப்புத் துறையா?" என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து, "எங்கள் அப்பா" என்றேன். எனக்கு ஒரு வாரம் அவகாசம் தந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க என் கையோடுதான் சண்டை. மரங்களை நெருக்கி வைப்பேன், கொஞ்ச நேரத்தில் கை தானாகவே அவற்றைத் தள்ளி வைத்துவிடும். கடைசியில் அப்பாவையே கூப்பிட்டு, காடு முழுக்க எரிஞ்சாத்தான் எனக்கு வேலை என்றேன். தாயில்பட்டி ஆலைகள் பக்கம் புகை தெரிந்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிய மனுஷனிடம் இதைக் கேட்டோமே என்று எனக்கு வேதனையாக இருந்தது. அவர் மெதுவாக, "உள்ள ஆளு இருக்கா?" என்றார்.

"காட்டுவாசிக இருக்காகப்பா, இருவத்திரண்டு பேரு. கதையில அவுகளப் பத்தி ஒண்ணும் இல்ல."

"கதையில இல்லாட்டி? வெளிய வர வழி வையி. வெளிய ஒரு வேப்பமரம் வையி. எல்லாரும் அங்கன வந்து நிக்கட்டும், ஆள் எண்ணணும்ல. அப்பறம் என்ன வேணா பண்ணு."

அப்படியே வழியும் வேப்பமரமும் வைத்துவிட்டு, காட்டு மரங்களை நெருக்கி நட்டேன். ஆலையில் சின்னச் சத்தம் கேட்டாலும் எல்லாரும் ஓடிவந்து நிற்கிற கேட்டுக்கு வெளியிலுள்ள வேப்பமரம் அது. அதன் படம் பழைய கல்யாண போட்டோ ஒன்றில் கிடைத்தது. இரண்டாவது ஒத்திகையில் காடு முழுக்க எரிந்தது, நாயகன் சிக்கினான், எல்லாரும் கைதட்டினார்கள். தெற்கு ஓரத்தில் எதற்கு ஒரு பாதை என்று லார்ஸ் கேட்டார். அது இல்லாமல் காட்டைத் தர மாட்டேன் என்றேன். வாழ்க்கையில் மேலதிகாரியிடம் நான் முடியாது என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, வேலை நிரந்தரமான தாளில் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் காடு எரிவதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ட்ராகனை அவர் கண்டுகொள்ளவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, வேப்பமரத்தடியில் நின்றவர்களை விரல் விட்டு எண்ணினார்.

"இருவத்திரண்டு. சரியா இருக்கு. நீ எங்கன நிக்கிற?"

"நான் வெளியிலருந்து பாக்குறேன்ப்பா."

"வெளியன்னா? கேட்டுக்கு அந்தப் பக்கமா?"

"ஆமாப்பா."

"அங்கன நெழலு இருக்கா?"

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் ஓக் மரத்தில் ஒரு இலைகூட இல்லை.

"இருக்குப்பா" என்றேன்.