பின் சீட்டுள்ள ஒரு வேகக் கார்

என் மனைவி ஹட்டனில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தாள். அவளுடைய அப்பா தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் டிரைவர். பதினாறு வயதிலேயே அந்த லொறியை பாக்டரி முற்றத்தில் பின்னுக்கு எடுத்து, சுவரோடு ஒட்டி நிறுத்தப் பழகிவிட்டாள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, தைரியம் கிடையாது. எங்கே போவதென்றாலும் அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒன்னு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல, சொல்லு."

"ஒரு கார் வாங்கணுங்க."

"வேன் இருக்கே."

"வேன் இல்லங்க. பந்தயத்துல ஓடுற மாதிரி கார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எதைச் சொல்கிறாள் என்று தெரியும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாப் பக்கம் மலையேற்றக் கார்ப் பந்தயம் நடக்கும். தேயிலை மலையைச் சுற்றி ஏறும் ரோட்டில் ஒவ்வொரு காராக விடுவார்கள். ஒன்பது வயதில் அப்பாவோடு போய், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று பார்த்திருக்கிறாள். அவளுக்குக் கீழே இருந்த வளைவில் ஒரு கார் பின்பக்கம் வழுக்கித் திரும்பி நின்றதையும், அந்த டிரைவர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது நீளமான தலைமுடி விழுந்ததையும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு முறையாவது அந்த ரோட்டில் ஓடிவிட வேண்டும் என்பது அவளுக்குள் அன்றைக்கே விழுந்த ஆசை.

வீட்டுக்கு மேலே ஓர் அறை கட்டுவதற்காகக் கொஞ்சம் காசு சேர்த்திருந்தோம். அந்த அறை யாருக்கு என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. அந்த வருடம்தான் வைத்தியம் பார்ப்பதை நிறுத்தியிருந்தோம். "வாங்குவோம்" என்றேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

காசு கொஞ்சம், ஆசை பெரிது. வாகன இறக்குமதி பல வருடம் நின்றுபோயிருந்ததால் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் ஒரு வேகக் கார் கிடைத்தால், அதில் ஏதோ கோளாறு இருக்கிறதென்று அர்த்தம். என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

முதலில் பார்த்தது கண்டியில். கறுப்பு நிறம். பின்னால் பெரிய இறக்கை, சத்தம் ஊரைக் கூட்டும். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவள் அதைச் சுற்றி வந்து, கதவுக்கும் பொனட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே குனிந்து கால் விரிப்பைத் தூக்கினாள். அடியில் துரு.

"இது எங்கயோ நல்லா வாங்கியிருக்குங்க. முன்பக்கம் முழுசும் ஒட்டுப் போட்டது" என்று என் காதில் சொன்னாள்.

இரண்டாவது நீர்கொழும்பில். டர்போ பூட்டிய கார். அந்த விலைக்கு அந்த வேகம் கிடைக்கவே கிடைக்காது என்று விற்பவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பொனட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினுக்கு மேலே உள்ளங்கையை வைத்தாள். நாங்கள் வருவதற்கு முன்பே அதை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார்கள். ஆறிக் கிடக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை வருமாம், அதை மறைக்கத்தான் இந்த வேலையாம். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அதையெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தாள். நான் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதைவிடத் தெளிவாக இருந்தது. அந்த மாதங்களில் அவள் பேசிய அளவு அதற்கு முன்னும் பேசியதில்லை, அதற்குப் பின்னும் இல்லை.

மூன்றாவது கார் நுவரெலியாவில் இருந்தது. தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களப் பெரியவருடையது. சிவப்பு, சின்னது, இரண்டே சீட்டு. மேல்கூரையை மடித்து வைக்கலாம். எஞ்சின் பெரிய சக்தி கொண்டதில்லை என்று அவரே சொன்னார். "ஆனால் பாரம் இல்லாத கார் மகளே, வளைவில் போய்ப் பார்" என்று சிங்களத்தில் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

இறம்பொடை வரைக்கும் இறங்கிப் போனோம். அந்த ரோட்டின் வளைவுகளை வேனில் போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கடப்பவன் நான். அன்றைக்குப் பயம் வரவில்லை. அவள் ஸ்டியரிங்கைத் திருப்புகிறாளா, கார் தானாகவே திரும்புகிறதா என்று தெரியாத மாதிரி இருந்தது. நீர்வீழ்ச்சிப் பக்கம் நிறுத்தினாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"இது நம்ம ரோட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க."

"எடுத்துருவோமா?"

"எடுத்துருவோம்."

பெரியவரிடம் இரண்டு வாரம் தவணை கேட்டோம். அந்த இரண்டாவது வாரத்தில்தான் அவளுக்கு நாள் தள்ளியிருந்தது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் உறுதிப்படுத்திக்கொண்டு வெளியே வந்ததும் வேனில் ஏறி உட்கார்ந்தாள், ஸ்டார்ட் பண்ணவில்லை. இரண்டு பேரும் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே அழுதோம். கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் சிரித்தாள்.

"ரெண்டு சீட்டு காருல மூணு பேரு எப்புடிங்க போறது?"

"அது சும்மா பந்தயத்துக்குத்தானே. வேன் இருக்கே நமக்கு."

"இல்லங்க. புள்ளையையும் ஏத்திக்கிட்டுப் போகணும்."

பெரியவருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொன்னாள். அவர் வாழ்த்திவிட்டு வைத்தாராம்.

நான்காவது கார் கொத்மலையில் கிடைத்தது. வெள்ளை நிறம், நான்கு கதவு. பார்த்தால் வங்கி மனேஜர் ஓட்டுகிற கார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் உள்ளே இருந்தது பந்தயக்காரர்கள் தேடி அலைகிற எஞ்சின் என்றாள். இருபத்தைந்து வருடப் பழசு, ஆனால் ஒரே ஆள் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டது. எஞ்சின் ஆறியிருந்தபோதே ஸ்டார்ட் பண்ணினாள், புகையில்லை. விரிப்பின் அடியில் துருவில்லை. அணைக்கட்டுப் பக்கத்து ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்திக்கொண்டே போனாள், ஓர் இடத்தில் எஞ்சினின் குரல் மாறி, கார் முன்னால் பாய்ந்தது. "கேட்டுச்சா? கேட்டுச்சா?" என்று என் தொடையில் தட்டினாள்.

வாங்குவதற்கு முன் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். பின் சீட்டின் மூன்று பெல்ட்டையும் ஒவ்வொன்றாக வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். நடுவில் இருந்தது இறுகிப் பிடிக்கவில்லை. வலது பக்கத்தது பிடித்தது. "இந்தப் பக்கம்" என்று கையால் தட்டிக் காட்டினாள்.

கார் வீட்டு முற்றத்துக்கு வந்தபோது அவளுக்கு நான்காம் மாதம். தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். அடுத்த வருடச் சீசனில் ஓடுவாள், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் நின்று பார்ப்பேன் என்று பேச்சு.

ஏழாம் மாதம் ஒரு வியாழக்கிழமை, காலையிலிருந்து அசைவில்லை என்றாள். இனிப்புத் தேத்தண்ணி குடித்துவிட்டு இடதுபக்கம் படுத்துப் பார்த்தாள். பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வேனை அவளே ஓட்டினாள், என்னை ஓட்ட விடவில்லை. டாக்டர் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இதயம் நின்றிருந்தது. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சில பேருக்கு இப்படி நடந்துவிடுகிறது என்றார்கள்.

மறுநாள் பிரசவமானது. பிள்ளையைப் பார்க்கிறீங்களா என்று நர்ஸ் கேட்டபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை.

நான் பார்த்தேன். பெண் பிள்ளை. காது மட்டும் அச்சாக அவளுடைய காது.

அவளுடைய அண்ணன் வந்திருந்தார். வேனில் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை, அதில் மற்றப் பிள்ளைகள் ஏறி இறங்குவார்கள். வீட்டுக்குப் போய்க் காரை எடுத்துக்கொண்டு வாங்க மச்சான் என்றேன். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். இரண்டு ராத்தல் பாண் ரொட்டி அளவு பாரம்கூட இருக்காது. பின் சீட்டில், அவள் தட்டிக் காட்டிய வலது பக்கத்தில், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெல்ட்டை இழுத்து என்னையும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். அது எதற்கென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"மச்சான், மெதுவா" என்றேன்.

"மெதுவாத்தான் மச்சான் போறேன்."

அவளுடைய அப்பாவைப் புதைத்த அதே தோட்டத்து மயானத்தில், அவருக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அவள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் மறுபடி வேன் ஓட்டப் போனாள். கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பிள்ளையைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நான் இருந்தேன். சொன்னால் கேட்கலாம் என்று அவள் இருந்திருக்கிறாள். இது எனக்கு அப்போது தெரியாது. சோறு ஆக்கினோம், சாப்பிட்டோம், வேலைக்குப் போனோம். ஒரே வீட்டில் இரண்டு பேர் இவ்வளவு தள்ளி இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, நான் டவுனுக்குப் போய்விட்டு வந்தபோது தார்ப்பாய் கழற்றிக் கிடந்தது. பின் கதவு இரண்டும் திறந்திருந்தன. அவள் காருக்குள் மண்டியிட்டு ஸ்பேனரால் எதையோ கழற்றிக்கொண்டிருந்தாள். பின் சீட்டின் அடிப்பாகம் முற்றத்தில் மழைத்தூறலில் நனைந்துகொண்டிருந்தது.

"என்னா செய்ற?"

"சீசனுக்குப் பேரு குடுத்திருக்கேன். பந்தயத்துக்கு இது எதுக்கு? சும்மா பாரம்."

பந்தயக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். பாரம் குறைந்தால் கார் வேகமாக ஏறும். ஆனால் அவள் திரும்பிப் பார்க்காமல் பேசிய விதத்தில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பூட்டியிருந்த பெல்ட்டுகளையும் கழற்றி இழுத்தாள். வலது பக்கத்து பெல்ட்டில் அவள் கை பட்டபோது, "அதை விட்ரு" என்று கத்திவிட்டேன்.

அவள் நிமிர்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடம் கத்தியதே இல்லை.

"அந்த எடத்துலதான் புள்ளைய வெச்சுக்கிட்டுப் போனேன்" என்றேன். "மடியில வெச்சிருந்தேன். பெல்ட்டும் போட்டேன்."

ஸ்பேனர் அவள் கையிலேயே இருந்தது. காரை விட்டு இறங்கி, முற்றத்தில் கிடந்த சீட்டின் மேல், நனைந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பொம்பளப் புள்ளயா?"

"ஆமா."

"யாரு மாதிரி?"

"காது ஒன்ன மாதிரி."

தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். நான் கையைக் காட்டியதும் திரும்பிப் போனார்.

மறுநாள் காலை போனோம். அவள்தான் ஓட்டினாள், பின்பக்கம் வெறுந்தகரமாக இருந்த அதே காரை. தோட்டத்து மண் ரோட்டில் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. மயானத்தில் இடத்தைக் காட்டினேன். புல் முளைத்திருந்தது. ஒரு முழ நீள மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல். அவள் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினாள். வேரோடு வராததை நகத்தால் தோண்டி எடுத்தாள். "அப்பா பக்கத்துலயே வெச்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, திரும்பி வரும்போது, "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். "நீ கேக்கல" என்றேன். அதைவிட மோசமான பதில் ஒன்றை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

ஏப்ரலில் ஓடினாள். இரவல் ஹெல்மெட், அளவு பெரிதான உடுப்பு. நான் தேயிலைக்குள் தனியாக நின்றேன். பக்கத்தில் ஒரு குடும்பம் பாய் விரித்து, பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய நம்பரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கீழே எஞ்சினின் குரல் மாறுவது கேட்டது. வெள்ளைக் கார் வளைவைத் தாண்டி மேலே போய் மறைந்தது. இரண்டு நிமிடம்கூட இல்லை. அவளுடைய பிரிவில் ஓடிய பதினொரு பேரில் ஒன்பதாவதாக வந்திருந்தாள்.

குறுக்குப் பாதையால் மூச்சு வாங்க ஏறிப் போனேன். முடித்த கார்கள் வரிசையாக நின்றன. மற்ற டிரைவர்கள் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். அவள் மட்டும் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல், இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. நான் கதவைத் திறக்கவில்லை. வெளியே இருந்து யாருக்கும் தெரியாதபடி கண்ணாடியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சிங்களப் பையன், அவளுக்கு முன்னால் ஓடியவன், வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

"டிக்கக் இன்ன மல்லி" என்றேன். கொஞ்சம் பொறு தம்பி.

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீட்டிய கையை இறக்கிக்கொண்டு, அங்கேயே நின்றான்.