முகத்துக்குத் தார்

துய்யா ஹியெதிக்கோவுக்கு முதல் பரு வந்தபோது வயது பதினான்கு. போன பிப்ரவரியில் முப்பத்து நான்கு. பரு போகவில்லை.

பின்லாந்தில் லாபுவா என்ற ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பால் எடுக்கும் டேங்கர் லாரியை ஓட்டும் பெண் அவர். லாரிக்குள் முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? தொல்லை கோடையில்தான். ஏரிக்கரை நடன மேடையில் டாங்கோ ஆடினால் கன்னத்தோடு கன்னம் உரசும். மூன்று கோடைக்கு முன், ஆட்டத்தின் நடுவே ஒருவர், "வலிக்குதா?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். பாட்டு முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிய துய்யா அதன்பின் மேடைப் பக்கம் போகவில்லை. இந்த ஜூனிலாவது போய்விட வேண்டும் என்றிருந்தார்.

சவுனா என்கிற நீராவிக் குளியல், சாராயம், தார் மூன்றுக்கும் கேட்காத நோய் ஆளைக் கொண்டுபோய்விடும் என்பார்கள் எங்கள் ஊரில். சாராயம் துய்யாவுக்கு ஒத்துக்கொள்ளாது. மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டார். புதனும் சனியும் சவுனாவின் வெக்கையில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, முரட்டுத் துணியால் முகத்தைத் தேய்ப்பார். பிறகு பைன் மரத் தார் கலந்த களிம்பைப் பூசிக்கொண்டு படுப்பார். பரு கூடியது, களிம்பையும் கூட்டினார்.

"உன் லாரிக்கு ஹாரனே வேண்டாம்மா, வாசனை முன்னாடியே வந்துடுது" என்றார் பால் நிலையத்து வெய்யோ. அந்த வாரமே துய்யா சுகாதார நிலையத்துக்குப் போனார்.

டாக்டர் ஐலா அவரைவிட ஐந்து வயது இளையவர். என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார். துய்யா சொன்னார்.

"படகுக்கு எதுக்குத் தார் அடிக்கிறோம்? ஓட்டையெல்லாம் அடைபடணும்னுதானே. முகத்துலயும் அதையேதான் பண்ணியிருக்கீங்க."

"அழுக்கு போகட்டும்னு பண்ணேன்."

"அழுக்கே இல்லீங்க அது."

தோலுக்கடியில் சுரக்கும் எண்ணெயும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து துளைகளை அடைக்கின்றன, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது என்று விளக்கினார் டாக்டர். முப்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஹார்மோனாலும் இது தொடருமாம். சவுனாவை விட வேண்டாம். தேய்ப்பதையும் தாரையும் விட்டால் போதும். இரவில் அவர் எழுதித்தரும் மருந்து ஜெல் பட்டாணி அளவு, பரு உள்ள இடத்தில் மட்டுமல்ல, முகம் முழுக்க. பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். கேட்காவிட்டால் சில மாதங்களுக்கு ஆண்டிபயாட்டிக், அல்லது ஹார்மோன் மாத்திரை. அதற்கும் அடங்காமல் தழும்பு விழுந்தால் வீரியமான ஒரு மாத்திரை உண்டு. கர்ப்பமாக இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

மூன்றாம் வாரம் முகம் சிவந்து தோல் உரிந்தது. ஜெல் பட்ட தலையணை உறை திட்டுத்திட்டாய் வெளுத்தது. துய்யா ஜெல்லைக் குப்பையில் போட்டார்; மறுநாள் காலை பொறுக்கியெடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், மேலே ஈரப்பதக் கிரீம் தடவுங்கள் என்று பதில் வந்தது. மே கடைசியில் புதுப் பரு இரண்டுதான். பழைய தழும்புகள் அப்படியே இருந்தன.

ஜூன் முதல் சனிக்கிழமை நடன மேடைக்குப் போனார். முதல் நான்கு பாட்டுக்கு ஆண்கள் யாரும் ஆட அழைக்கவில்லை. பிறகு பெண்கள் ஆண்களை அழைக்கும் முறை வந்தது. எதிர்வரிசையில் நின்ற உயரமான மனிதரிடம் நேரே போனார்.

"தாடையில ரெண்டு பரு இருக்கு, முன்னாடியே சொல்லிடறேன்."

"எனக்கு முழங்கால்ல ஒரு கம்பி இருக்கு. மெதுவா ஆடலாம்."

அவர் பெயர் ஓத்சோ, பக்கத்து ஊர்த் தச்சர். அன்று ஒன்பது பாட்டுக்கு ஆடினார்கள். ஜெல்லை இன்னும் ஒரு வருடமாவது தொடர வேண்டும். அடுத்த பரிசோதனை ஆகஸ்ட் பதினெட்டில்.